ஐந்து நாடுகளின் ஜெபம்

லேப் அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் ஆள் தப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் வீட்டுக்காரரின் பதினாறு வருட அனுபவம். மனிதர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்து ஆட்களை வெளியே எடுப்பதே அவர் தொழில் என்பதால், தப்பிக்கும் வழி அவருக்குத் தெரியாமல் இருக்காது.

பத்து வருடம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்து, சோதித்து, முடிவு எழுதிக் கொடுத்தவள் அவள். வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியும் அவள் போகிற திருச்சபையில் எல்லோருக்கும் அவள் லேப் அக்காதான். வேலையை விட்டது மகளுக்காக. மகளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். அவள் பேச ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போகும். பள்ளிக்கூடத்தில் அதிகம் கேள்வி கேட்கிறாள் என்று அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். நாலாவது முறையும் நிறுத்தியபோது, லேப் அக்கா நேரே போய்ப் பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சபையில் ஏற்கனவே ஐந்து குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைத்துக்கொண்டிருந்தன. இவர்கள் ஆறாவது. செவ்வாயும் வியாழனும் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற நீளமான அறையில் பிள்ளைகள் ஒன்றுசேர்வார்கள். ஆளுக்கொரு பாடம் என்று தாய்மார்கள் பிரித்துக்கொண்டார்கள். கணக்கு, அறிவியல் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு போய்விட்டன. உலக சரித்திரம் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. புதிதாக வந்தவள் தலையில் அதைக் கட்டினார்கள்.

பதினொன்று முதல் பதிமூன்று வயது வரை ஐந்து பிள்ளைகள். வாலு ஒருத்தி. மருந்துக்கடைக்காரரின் இரட்டைப் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவன் முடிப்பான். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவரின் மகன் நாலாவது. ஐந்தாவது, பூனை. சபை மூப்பரின் மகள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, அதனால் அந்தப் பெயர். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். அவள் அப்பா கண்ணாடிக்கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் அவர் மாட்டிவிட்ட கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தார்கள். வீட்டுப் பள்ளிகளுக்குப் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது.

பாடப்புத்தகத்தில் முதல் உலகப் போருக்கு இரண்டே பக்கம். கடைசியில் கோடிட்ட இடம் நிரப்பு: 'மக்கள் ______ மறந்ததால் போர் வந்தது.' விடை, கடவுளை. இரண்டு வருடமாக லேப் அக்கா அந்த விடைக்குச் சரி போட்டு வந்திருந்தாள். போடும்போதெல்லாம் உள்ளே ஏதோ நெருடும். நெருடினால் நெருடட்டும் என்று அடுத்த பக்கம் திருப்பிவிடுவாள்.

இந்த வருடம் இரட்டையரில் ஒருவன் கையைத் தூக்கினான்.

"ஆன்ட்டி, அந்த நாட்டுல எல்லாம் அப்ப சர்ச்சே இல்லையா?"

"இருந்துச்சே. ஏன்?"

"இருந்தா எப்படி மறந்தாங்க?"

"வாரா வாரம் போய்..." என்று ஆரம்பித்த மற்றவன், "உக்காந்துக்கிட்டே மறந்தாங்களா?" என்று முடித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். லேப் அக்கா சிரிக்கவில்லை. சோதித்துப் பார்க்காமல் முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்டவளுக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது. புத்தகத்தை மூடி வைத்தாள். ஐந்து துண்டுச் சீட்டு கிழித்தாள். ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, ஆஸ்திரியா. மடித்துக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னாள்.

"உங்க நாட்டுல போர் ஆரம்பிச்சிடுச்சு. அடுத்து வர்ற ஞாயித்துக்கிழமை. நீங்க ஆலயத்துல உக்காந்திருக்கீங்க. என்ன ஜெபம் பண்ணுவீங்களோ, அதை எழுதிட்டு வாங்க."

வியாழக்கிழமை வாசித்தார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் மகனுக்கு ரஷ்யா. 'ஆண்டவரே, எங்கள் எதிரிகள் பொல்லாதவர்கள், அவர்களை முறியடியும்' என்று நாலு வரி. இரட்டையருக்குப் பிரிட்டனும் பிரான்ஸும். இரண்டும் ஒரே ஜாடையில் இருந்தன, பிள்ளைகளைப் போலவே. வாலு ஆஸ்திரியாவுக்காக ஒன்றரைப் பக்கம் கடவுளோடு வாதாடியிருந்தாள்.

பூனைக்கு ஜெர்மனி. அந்த நாட்டுப் படைவீரர்களின் பெல்ட் பக்கிளில் 'கடவுள் எங்களோடு' என்று பொறித்திருந்ததை லேப் அக்கா செவ்வாய்க்கிழமை போகிற போக்கில் சொல்லியிருந்தாள். பூனை எழுந்து நின்றாள். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

'ஆண்டவரே, என் அண்ணனின் பெல்ட்டில் உம்முடைய பெயர் இருக்கிறது. அவனைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பும். அவன் யாரைச் சுடுகிறானோ அவனுக்கும் ஒரு தங்கை இருப்பாள். அவளும் இப்போது முழங்காலில் இருப்பாள். நான் கேட்பதையும் அவள் கேட்பதையும் நீர் எப்படிச் சேர்த்துக் கொடுப்பீர் என்று எனக்குத் தெரியவில்லை. உமக்குத் தெரியும் என்று நம்புகிறேன். ஆமென்.'

அந்தப் பிள்ளை அந்த அறையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதே அதுதான் முதல் தடவை.

"எல்லாம் ஒரே ஜெபம்தானே ஆன்ட்டி," என்றான் இரட்டையரில் ஒருவன். இந்தமுறை மற்றவன் முடித்துவைக்கவில்லை.

"ஆமா," என்றாள் லேப் அக்கா.

"அப்ப யாரோடதைக் கேட்டாரு?"

"எனக்குத் தெரியாது," என்றாள். அவளுக்குத் தெரியாதுதான்.

சனிக்கிழமை காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாலு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தாள்.

"அம்மா, பூனை போன் பண்ணா. அவங்க அப்பா அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டாராம்."

"எந்தப் பக்கத்தை?"

"ஜெபம் எழுதின பக்கத்தை. சாப்பிடும்போது அவங்கம்மா வாசிச்சுக் காட்டச் சொன்னாங்களாம். வாசிச்சாளாம். அவளை முன்னால நிக்கவச்சே கிழிச்சாராம். அப்புறம் அந்தக் கோடிட்ட இடம் இருக்குல்ல, அதை அம்பது தடவை எழுதச் சொன்னாராம்."

ஈரத் துணி கையிலிருந்து வாளிக்குள் விழுந்தது. அம்மாவின் காதைப் பார்த்ததும் வாலு இரண்டு படி பின்னால் இறங்கி நின்றுகொண்டாள்.

"கொஞ்சம் ஆறப்போடு," என்றார் கீழே இருந்த வீட்டுக்காரர். "திங்கக்கிழமை நிதானமாப் பேசலாம்."

"கிழிக்கிறப்ப அவர் ஆறப்போட்டாரா?"

செருப்பைக்கூட மாற்றாமல் குளியலறைச் செருப்போடு போனாள். கண்ணாடிக்கடையில் மூப்பர் ஒரு வயதான வாடிக்கையாளருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தார். சுவரெல்லாம் வெறும் ஃபிரேம்கள்; நூறு ஜோடிக் கண்கள் பார்க்கிற மாதிரி இருந்தது.

"வாங்க சிஸ்டர். உக்காருங்க. ரெண்டு நிமிஷம்."

"உக்கார வரல. பிள்ளையோட பக்கத்தைக் கிழிச்சீங்களா?"

மூப்பரின் குரல் உயரவே உயராது. ஆலயத்தில் அறிவிப்பு வாசிக்கிற அதே குரலில்தான் பேசினார். "இங்க வேண்டாமே சிஸ்டர். சபையில வச்சுப் பேசுவோம்."

"அவ ஜெபத்தைக் கிழிச்சிருக்கீங்க."

"அது ஜெபம் இல்ல. வீட்டுப்பாடம்."

"அவ ஆமென்னு முடிச்சிருக்கா அண்ணா!"

வாடிக்கையாளர் சோதனைக் கண்ணாடியைக் கழற்றாமலே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளைங்க மனசுல சந்தேகத்தை விதைக்கிறது நல்லது இல்ல," என்றார் மூப்பர். "ஆண்டவர் யார் ஜெபத்தைக் கேட்டார்னு தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்க. ஒரு டீச்சர் சொல்ற பதிலா அது?"

"தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லணும். எங்க அந்தப் பக்கம்? அதைக் குடுங்க, நான் ஒட்டி வச்சுக்கிறேன்."

"குப்பைல போட்டாச்சு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கே அழுதால் அவர் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவார் என்று பயந்து திரும்பி நடந்தாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகர் அறையில் கூடினார்கள். போதகர், மூப்பர், லேப் அக்கா, அவள் வீட்டுக்காரர். நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி. அது சுற்றும்போது கடகடவென்று ஒரு சத்தம். வீட்டுக்காரர் உட்கார்ந்ததிலிருந்து அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகர் நல்ல மனிதர். யார் மனமும் நோகக் கூடாது என்பதே அவர் வாழ்க்கை லட்சியம். "அன்புல சொல்றோம் சிஸ்டர்," என்று ஆரம்பித்தார். "நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எல்லா நாட்டுலயும் ஜெபம் பண்ணாங்க, அது உண்மைதான். ஆனா அந்தப் பிள்ளைங்களுக்கு அது தாங்குற வயசா?"

"ஐயா, அந்தப் போர்ல செத்தவங்கள்ல பாதிப் பேருக்கு மீசையே சரியா முளைக்கல. இவங்களைவிட அஞ்சாறு வயசுதான் கூட. சாகத் தாங்குச்சு, படிக்கத் தாங்காதா?"

"புத்தகத்துல இருக்கிறதை மட்டும் நடத்துங்கன்னுதானே கேக்கிறோம்," என்றார் மூப்பர்.

"புத்தகத்துல இருக்கிறது பொய்."

போதகர் மூப்பரைப் பார்த்தார். சபை அச்சடித்த புத்தகம் அது.

"நான் லேப்ல இருந்தவ," என்றாள். "ரத்தத்துல சர்க்கரை இருந்தா இருக்குன்னு எழுதணும். பாவம், கேட்டா கஷ்டப்படுவாரேன்னு இல்லன்னு எழுதினா அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போய்ச் செத்துப்போவான். கடவுளை மறந்ததால அவங்க சண்டை போடல. கடவுள் எங்க பக்கம்தான்னு நினைச்சுக்கிட்டு சண்டை போட்டாங்க. இதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லலன்னா, நாளைக்கு இவங்க இடுப்புலயும் யாராவது ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டு அனுப்புவாங்க. இவங்களும் பாட்டுப் பாடிக்கிட்டே போவாங்க. ஆண்டவரைக் காப்பாத்த நாம பொய் சொல்லணுமா? அவர் கேட்டாரா நம்மகிட்ட?"

மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்க ஐயா. இந்தக் கோபத்தோடதான் பிள்ளைங்க முன்னால நிக்கிறாங்க."

அதுதான் அவளை அறைந்தது. சொன்னதற்குப் பதில் இல்லை. சொன்ன தொனி குற்றமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாலுவை வெளியே நிறுத்திய ஆசிரியரும் இதையேதான் சொன்னார்: கேள்வி பரவாயில்லை, கேட்கிற விதம்தான் சரியில்லை.

கடைசியில் போதகர் ஒரு வழி சொன்னார். செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் முன்னால் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் வகுப்பு அவளுக்கே.

"கேக்கிறேன்," என்றாள் லேப் அக்கா.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. போதகரின் முகம் பளிச்சென்று ஆனது. வீட்டுக்காரர் முதல் தடவையாக மின்விசிறியை விட்டு மனைவியைப் பார்த்தார்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். வாலு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏன் வாயே திறக்கல?" என்று லேப் அக்கா அவரைக் கேட்டாள்.

"நான் திறந்திருந்தா அங்க என்ன மாறியிருக்கும்?"

"அங்க ஒண்ணும் மாறியிருக்காது. எனக்கு மாறியிருக்கும்."

அவர் மின்விசிறிக்குத் தாவினார். பேரிங் தேய்ந்திருக்கிறது, அதனால்தான் அந்தச் சத்தம் என்று ஏதோ முணுமுணுத்தார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மூப்பர் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்கான நாற்காலி, முழங்கால் நெஞ்சுக்கு வந்திருந்தது. லேப் அக்கா முன்னால் வந்து நின்றாள்.

"நான் ரெண்டு மன்னிப்புக் கேக்கணும்," என்றாள். "ஒண்ணு, உங்ககிட்டயும், உங்களுக்கு முன்னால படிச்ச பிள்ளைங்ககிட்டயும். அந்தக் கோடிட்ட இடத்துக்கு ரெண்டு வருஷமா நான் சரி போட்டேன். அது சரி இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே போட்டேன். அதுக்கு மன்னிச்சுக்கோங்க."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"ரெண்டாவது." அவள் பூனையின் பக்கம் திரும்பினாள். "நீ எழுதின ஜெபத்தை நான் பத்திரமா என்கிட்ட வாங்கி வச்சிருக்கணும். வீட்டுக்குக் கொண்டுபோக விட்டுட்டேன். அதைக் கிழிச்சது தப்பு. யார் கிழிச்சிருந்தாலும் தப்பு. உன்கிட்ட அவங்க..."

"ஆன்ட்டி," என்றாள் பூனை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அப்பாவைத் திட்டாதீங்க ஆன்ட்டி. நீங்க கடைக்கு வந்துட்டுப் போனதுக்கப்புறம் அவர் சாப்பிடவே இல்ல."

இந்த மூன்று நாளும் லேப் அக்கா அந்தப் பிள்ளைக்காகத்தான் கொதித்தாள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அதுவா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கடைக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தாள்; அந்த வீட்டில் அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று அவள் புத்திக்கு எட்டவேயில்லை. அதற்காக அவர் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது. அவர்மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது, அதன் பக்கத்திலேயே தன்மேலும் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"போதும் சிஸ்டர்," என்றார் மூப்பர். எழுந்து நின்றிருந்தார். குரல் அதே குரல்தான். "வகுப்பு முடிஞ்சுது. பிள்ளைங்களா, எந்திரிங்க."

அன்று சாயங்காலமே போதகர் போன் செய்து, சரித்திரத்தை இனி மூப்பரின் மனைவி பார்த்துக்கொள்வார் என்று மிகுந்த அன்போடு சொன்னார்.

அடுத்த நாள் மருந்துக்கடைக்காரரின் மனைவி போன் செய்தாள். "அக்கா, பசங்க ரெண்டு பேரும் உங்ககிட்டதான் சரித்திரம் படிப்போம்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா? ஆனா... ஐயாவுக்குத் தெரிய வேண்டாம்."

"தெரியணும்," என்றாள் லேப் அக்கா.

"அக்கா, எதுக்கு வீணா..."

"நாம என்ன கள்ளச்சாராயமா காய்ச்சப்போறோம்? பாடம் நடத்தப்போறோம். தெரிஞ்சு அனுப்பறதுன்னா அனுப்பு. ஒளிச்சு அனுப்பறதுன்னா வேண்டாம்."

மருந்துக்கடை வீட்டில் ஒரு வாரம் யோசித்தார்கள். அந்த ஒரு வாரத்தில் லேப் அக்கா ஒரு தாளில் எழுதினாள்: 'உலக சரித்திர வகுப்பு. பதினொன்று முதல் பதிமூன்று வயது வரை. புதன்கிழமை காலை பத்து மணி. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். கேள்வி கேட்கலாம்.' கீழே முகவரி. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் முன் நடையில் உள்ள அறிவிப்புப் பலகையில் குத்தினாள். ஆராதனை முடிந்து வருவதற்குள் காணோம். அடுத்த ஞாயிறும் குத்தினாள். அதையும் காணோம். யார் எடுத்தது என்று கேட்கவேண்டிய தேவையே இல்லை. மூப்பர் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள், கையால் எழுதினால் மதிப்பில்லையோ என்று அவள் பெரிய எழுத்தில் அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். காலையில் பார்த்தால் தாளைக் காணவில்லை. வீட்டுக்காரரும் இல்லை. அதிசயமாக அவர் முன்னாலேயே ஆலயத்துக்குப் போயிருந்தார்.

அவளும் வாலுவும் போய்ச் சேர்ந்தபோது அறிவிப்புப் பலகை முன்னால் ஒரு சின்னக் கூட்டம். லிஃப்டுக்குள் 'ஆறு பேர் மட்டும்' என்று எழுதி மாட்டுவார்களே, அந்த மாதிரிக் கனமான கண்ணாடித்தகட்டுக்குள் தாள் இருந்தது. நாலு மூலையிலும் நாலு ஸ்க்ரூ. சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு அசையாத வகை. அதற்கென்று தனிச் சாவி வேண்டும். சாவி வீட்டுக்காரரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் ஒரு ஓரமாக நின்று யாருடனோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இது யார் வேலை?" என்று போதகர் கேட்டார்.

"நான்தான் ஐயா," என்றார். "காத்துல பறந்துடுது போல. ரெண்டு தடவை காணாமப் போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். போதகர் அறையில் சொல்லியிருக்க வேண்டியதை அது ஈடுகட்டிவிடாது; லேப் அக்கா அதை அவரிடம் அன்றே சொல்லியும்விட்டாள். ஆனாலும் சாயங்காலம் தட்டை மெதுவாகத்தான் வைத்தாள்.

மூப்பர் அந்தத் தகட்டைக் கையாலும் ஒருமுறை, கத்தியாலும் ஒருமுறை முயன்று பார்த்ததாகப் பேச்சு. அது அசையவில்லை. பலகையையே கழற்றினால் அதில் எழுதியிருக்கிற ஆராதனை நேரமும் சேர்ந்து போய்விடும் என்று விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமைகளில் இப்போது மூன்று பேர் வருகிறார்கள்: ஐயாவிடம் சொல்லிவிட்டே வருகிற இரட்டையரும், வாலுவும். டிரைவிங் ஸ்கூல்காரர் மகன் யோசித்துக்கொண்டிருக்கிறான், அல்லது அவன் அப்பா யோசிக்கிறார். இரண்டாம் உலகப் போருக்கு வந்துவிட்டார்கள். ஞானஸ்நானம் பெற்ற நாடுகள் நடுவே லட்சம் லட்சமாக யூதர்களை எப்படிக் கொன்றார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்னல் திரையை எப்படி இழுத்துவிட்டுக்கொண்டார்கள், கதவைத் திறந்துவிட்ட சிலர் யார் என்றெல்லாம் நடத்துகிறாள். நடத்தி முடித்ததும் மேசையைத் துடைக்கிற துடைப்பில் மேசையின் பாலிஷே போய்விட்டது.

பூனை வரவில்லை. ஆலயத்தில் மூன்று வரிசை முன்னால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது லேப் அக்காவும் நிற்கிறாள். அந்தப் பிள்ளையின் தலையையும் அதன் பக்கத்தில் அவள் அப்பாவின் தலையையும் பார்க்கிறாள். இரண்டு பேருக்காகவும் ஜெபம் பண்ண வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைக்காகப் பண்ணுகிறாள். அப்பாவுக்காக இன்னும் முடியவில்லை. முடியவில்லை என்பதையே கடவுளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு எழுந்திருக்கிறாள்.